மேலே வைத்த கை

பெரிய பள்ளிக்குப் போகும் முன்பே அந்த ஆறு வயதுக்காரி வென்றவை இவை: எந்த ஷூ எந்தக் காலுக்கு என்ற குழப்பம், தண்ணீர்ப் பாட்டிலின் முரட்டு மூடி, சட்டையின் மேல் பொத்தான், ‘மிஸ், பாத்ரூம் போகணும்’ என்று உரக்கச் சொல்வதிலுள்ள கூச்சம். இத்தனையையும் அவள் பெரும் இடையூறுக்கு நடுவில்தான் வென்றாள். இடையூறு வேறு யாருமில்லை, அண்ணன்.

‘தயார்ப்படுத்துவோர்’ என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். வீட்டுக் குழந்தை பாலர் பள்ளியை விட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது என்றால் போதும், அதுவரை சாதுவாகச் சோறு தின்றுகொண்டிருந்த ஒருவர் திடீரென்று எழுந்து, அட்டவணை போட்டு, சுவரில் ஒட்டி, மணி அடிக்கவும் தொடங்கிவிடுவார். நம் அண்ணன் அந்த இனத்தின் அசல் மாதிரி. தொழில் லிஃப்ட் மெக்கானிக். படிப்பு எட்டாவது. தங்கைக்கும் அவனுக்கும் இருபது வயது இடைவெளி. லிஃப்டுக்குள் தொங்குமே பராமரிப்பு அட்டை, அதே போல ஒன்றை ஃபிரிட்ஜில் தொங்கவிட்டு, மூடி திறந்தாயிற்று, பொத்தான் போட்டாயிற்று, பை மாட்டியாயிற்று என்று தினமும் தேதி, மணியோடு டிக் போட்டான்.

“அண்ணா, பாட்டில்ல தண்ணியே இல்ல. எதுக்குத் திரும்பத் திரும்பத் திறக்கணும்?”

“ட்ரயல் பார்க்காம ஆளை ஏத்தக் கூடாதும்மா.”

“டேய், அவ ஒண்ணாங் கிளாஸுக்குப் போறா, பன்னண்டாவது மாடிக்கு இல்ல!” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

சிரிக்காதீர்கள். அவனுக்கு உள்ளூர ஒரு பயம். அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று பேரை எழுதச் சொன்னார்கள். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கோடுகூடப் போடத் தெரியாமல் விழித்த விழிப்பு இன்னும் மறக்கவில்லை. தங்கை அப்படி விழிக்கக் கூடாது. அதனால் மாலைதோறும் அவளுடைய பிஞ்சு விரல்களின் மேல் தன் கிரீஸ் கையை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் பேரை எழுதவைத்தான். எவ்வளவு அழகான எழுத்து! ஒரு பிசிறு இல்லை. எப்படி இருக்கும்? எழுதியது யார்?

ஜனவரியில் பள்ளி திறக்கும் முதல் நாளும் வந்தது. வீட்டார் எல்லோரும் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். டீச்சர் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, “உங்க பேரை நீங்களே எழுதுங்க கண்ணுங்களா” என்றார். மற்றப் பிள்ளைகள் கிறுக்கத் தொடங்கின. இவள் பென்சிலைச் சரியாகப் பிடித்தாள், அட்டைமேல் வைத்தாள், காத்திருந்தாள்.

“என்னம்மா, எழுதலியா?”

“எங்கண்ணன் இன்னும் கையை வைக்கல மிஸ்.”

ஜன்னலில் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. அத்தனை ட்ரயலில் ஒரு தடவைகூடக் கையை எடுத்துப் பார்க்கவில்லையே! அவனுடைய வலது கை தானாகவே ஜன்னல் கம்பிக்குள் நுழைந்தது.

“ஏன்டா, ஒண்ணாங் கிளாஸ் உனக்கா அவளுக்கா?” என்று அம்மா அதைப் பிடித்து இழுத்தாள்.

சின்னவள் சற்று யோசித்தாள். பிறகு தன் இடது கையைத் தூக்கித் தன் வலது கையின் மேலேயே வைத்து, அண்ணனைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதினாள். ஒரே கோணல். கடைசி எழுத்து அட்டை ஓரத்தில் தொங்கியது. ஆனாலும் அவள் பேர்தான், அவள் எழுதியதுதான்.

உங்கள் வீட்டிலும் ஆறு வயதில் யாராவது உண்டா? எதற்கும், இந்த நிமிடம் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ் அட்டையில் கடைசி டிக் இது: ‘தானாகப் பேர் எழுதியது, ஜனவரி 6, காலை 9.20.’