பட்டாணி அளவு கிரீமும் பவ்யாவின் முகமும்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்பு வாரத்துக்கு, வாயில் பலகையில் போட ஒரு பெண்ணின் படம் தேவைப்பட்டது.
2. லேபில் பெண்கள் இரண்டே பேர். நான், பவ்யா.
3. நான் ஒரு நைட் கிரீம் வாங்கினேன்.
4. மிகச் சரியான கிரீம்.
5. பதினாறாம் நாள் காலை, இஸ்திரி போட்ட யூனிஃபார்மோடு, போட்டோகிராஃபர் முன்னிலையில், ஆசிட் பட்டவர்களைக் குளிப்பாட்டும் அவசரக் குழாயின் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் கொஞ்சம் பொறியியலும் நிறைய வயிற்றெரிச்சலும் இருக்கின்றன.

ஓசூர் சிப்காட்டில், போல்ட்டுகளுக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் எனக்குச் சோதனைக்கூட வேலை. பவ்யா கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே வாடகை வீடு, ஒரே போர் தண்ணீர். அந்தத் தண்ணீர் பட்டாலே என் கன்னம் சிவக்கும். சோப்பை மாற்றினால் தடிக்கும். அவளோ கையில் கிடைத்த சோப்பால் முகத்தைக் கழுவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் உறை பிரித்த புதுப் பொருள்போல வந்து நிற்பாள். (ஒரே தண்ணீரில் இரண்டு ரிசல்ட் வந்தால் டெக்னிக்கல் ஆள் எப்படித் தூங்குவது?)

"மூஞ்சிக்கு என்னா போடுற பவ்யா?" என்று ஒருநாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். மூன்று மாதமாக ஒத்திகை பார்த்த கேள்வி.

"ஏனூ இல்லக்கா. தண்ணிதான்."

'ஒன்றுமில்லை' என்பதைக் கன்னடத்தில் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் பாதுகாப்பு அதிகாரி முனிராஜ் சார் லேப் வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் போட்டோவுக்கு நில்லுங்கம்மா. எது நல்லா வருதோ அத கேட்டுல போட்டுடலாம்." சொல்லும்போதே அவர் பார்வை பவ்யா பக்கம் போய் நின்றது. (நிற்கவில்லை என்று பவ்யா இன்றுவரை சொல்கிறாள். நான் பார்த்தேன்.)

எங்கள் ஊர் கல்லாவியிலிருந்து என்னைப் பார்க்க வரும்போது அம்மா அந்த கேட்டைத் தாண்டித்தான் வருவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் "அதோ, எம் பொண்ணு" என்று காட்டுவதற்குப் பதிலாக, "அதோ, எம் பொண்ணு கூடத் தங்கியிருக்கிற பொண்ணு" என்று காட்ட வேண்டி வந்தால்? அந்த ஒரு வாக்கியம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அன்றே நோட்டில் கட்டம் போட்டேன். தோலை உரித்துப் புதுப்பிக்கும் ரெட்டினால் அளவு குறைவாக இருக்க வேண்டும், வாசனை சேர்த்திருக்கக் கூடாது, தோல் வறளாமல் காக்கும் பொருள் கூடவே இருக்க வேண்டும், திறந்த டப்பாவாக இல்லாமல் காற்றும் வெளிச்சமும் புகாத டியூபாக இருக்க வேண்டும். பதினோரு கிரீம்களுக்கு மதிப்பெண் போட்டேன். மாப்பிள்ளை பார்த்தாலும் இவ்வளவு பார்ப்பேனா தெரியாது. கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் இருந்தவர் டியூபைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

"சென்சிட்டிவ் ஸ்கின்னா இது நல்லதுதான் மேடம். வாரத்துல ரெண்டு நைட், பட்டாணி அளவு, அவ்ளோதான். காலைல சன்ஸ்கிரீன் போட்டே ஆவணும்."

"எப்ப வித்தியாசம் தெரியும்?"

"பன்னெண்டு வாரமாவது ஆவும்."

"எனக்குப் பதினாறு நாள்தாங்க இருக்குது."

"அப்ப பவுடர் வாங்கிக்கோங்க."

நல்ல மனிதர். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

எங்கள் லேபில் உப்புப் பெட்டி ஒன்று உண்டு. முலாம் பூசிய போல்ட்டுகளை உள்ளே வைத்து உப்புநீர்ப் பனியை விடாமல் தெளிப்போம். பல வருட மழை துருப்பிடிக்க வைக்கும் வேலையைச் சில நாளில் செய்து காட்டும். அந்தப் பெட்டியைத் தினமும் திறந்து மூடுகிற எனக்குக் கணக்கு உடனே பிடிபட்டது. வாரம் இரண்டு வீதம் பன்னிரண்டு வாரத்துக்கு இருபத்து நாலு முறை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று போட்டால் பன்னிரண்டே நாளில் முடிந்துவிடும். நாலு நாள் மிச்சம்கூட. (நைட் கிரீமைக் காலையில் பூசிக்கொண்டு, சன்ஸ்கிரீனை மறந்து, ஓசூர் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிய முதல் டிப்ளமோ மெக்கானிக்கல் நானாகத்தான் இருப்பேன்.)

முறைப்படி முதலில் காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்தேன். சிவந்தது. தொழிற்சாலையில் லாரி காத்திருக்கும்போது சரக்கு இம்மி பிசகியிருந்தால் 'டீவியேஷன்' என்று ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். என் காதுக்கு நானே கையெழுத்துப் போட்டேன்.

நாலாம் நாள் மூக்கோரம் தோல் இழுத்தது. 'வேலை செய்கிறது' என்று நோட்டில் எழுதினேன். ஏழாம் நாள் குழம்பு ஆவி பட்டு எரிந்தது. பத்தாம் நாள் கன்னம் வெங்காயச் சருகுபோல உரிந்தது. உள்ளேயிருந்து புதுத் தோல் வருகிறது, பவ்யா தொலைந்தாள் என்று மகிழ்ந்தேன்.

"யாக்கே அக்கா, ஏன் மூஞ்சி இப்பிடி ஆவுது? டாக்டருகிட்ட காட்லாம் வாங்க."

"உனக்கு நல்லா இருக்குது, நீ பேசுவ."

மறுநாளிலிருந்து ஸ்கூட்டரை அவளே ஓட்டினாள், நான் வெயில் படாமல் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளட்டும் என்று. அதிலும் எனக்குச் சந்தேகம்தான். முன்னால் உட்கார்ந்து வருபவளைத்தானே எல்லாரும் முதலில் பார்ப்பார்கள்?

பதினாறாம் நாள் ஃபவுண்டேஷனை அப்பிக்கொண்டு போனேன். லேபிலிருந்து படம் எடுக்கும் இடத்துக்கு முலாம் ஷாப் வழியாகத்தான் போக வேண்டும். பாதி வழியில் வேர்த்தது. பூச்சு பாளம்பாளமாக வெடித்து, அடியில் இருந்த சிவப்பு வெளியே வந்தது. எதிரே முனிராஜ் சார்.

அவருடைய இத்தனை வருட சர்வீஸில் ஒரு ஆசிட் விபத்துகூட நடந்ததில்லை. கற்ற பயிற்சி முழுவதும் அவருக்குள் தேங்கிக் கிடந்தது.

"மூஞ்சில ஆசிட்டு! ஓடியாங்கடா!"

என் தோளைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் நிறுத்திச் சங்கிலியை இழுத்தார். ஓசூர் மழைகூட அவ்வளவு வேகமாகப் பெய்ததில்லை.

"எந்த டேங்க்கும்மா? என்னா கெமிக்கலு?"

"ரெட்டினால் சார்."

"அது நம்மகிட்ட இல்லியே!"

"என்கிட்ட இருக்குது சார். டியூப்ல."

சத்தம் கேட்டு ஓடிவந்த போட்டோகிராஃபர் அதுவரை பதினேழு படம் எடுத்திருந்தார்.

முதலுதவி அறையில் டாக்டர் கிரீமை நிறுத்தச் சொன்னார். அடுத்து முனிராஜ் சாரின் விசாரணை. எங்கள் வழக்கப்படி, எது நடந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். பவ்யா துண்டோடு பக்கத்தில் நின்றாள்.

"ஏன் உரிஞ்சிது?"

"ரெண்டு வேளையும் பூசுனேன் சார்."

"ஏன்?"

"நாள் பத்தல."

"ஏன்?"

"போட்டோவுக்குள்ள சரியாவணும்."

"ஏன் சார் போட்டோ அவ்ளோ முக்கியம்? ஏன்மா?" பதற்றத்தில் அவருக்கே யாரைக் கேட்கிறோம் என்பது குழம்பிவிட்டது.

"கேட்டுல என் படம் வரணும்."

"அது ஏன்?"

ஐந்தாவது ஏன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தெம்பில்லை.

"பவ்யா படம் வரக்கூடாது சார்."

முனிராஜ் சார் பேனாவை ஒருமுறை உதறினார். பிறகு 'மனிதத் தவறு' என்று எழுதினார்.

பவ்யா என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். "சொல்லியிருந்தா நானே வரமாட்டேன்னு சொல்லியிருப்பேனே அக்கா. போட்டோவுக்கு அந்த ஹெல்மெட் போட்டாலே எனக்குத் தலை அரிக்குது."

நல்ல தோல் மட்டுமில்லை, நல்ல மனசும் அவளுக்கே. இதை எந்த டியூபில் விற்கிறார்கள்?

அவள் படம்தான் கேட்டில் ஏறியது. அம்மா போன் செய்தார்: "பஸ்ல வர்றப்ப பாத்தேன்டி, அந்தப் பொண்ணு என்னா லட்சணமா இருக்குது! உன்னுது எங்க?"

"உள்ள இருக்குதும்மா."

பொய்யில்லை. குழாயடியில் நின்ற படத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று முனிராஜ் சார் கேட்டபோது, எப்படியாவது ஒரு படம் மாட்டப்பட்டால் சரி என்று ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தேன். முலாம் ஷாப் கதவில் மாட்டினார்கள். கீழே, 'அளவை மீறாதீர்.' குடும்ப தினத்துக்கு வந்த அம்மா அதன் முன் நின்று சிரித்த சிரிப்பு கேன்டீன்வரை கேட்டது. இன்றும் வீட்டில் சோற்றுக்கு நெய் ஊற்றும்போது என்னை மட்டும் கேட்பார்: "பட்டாணி அளவு போதுமாடி?"

இன்னொன்று எனக்கு மிகத் தாமதமாக உறைத்தது. உப்புப் பெட்டிக்குள் போன போல்ட்டை யாரும் திரும்ப வண்டியில் மாட்டுவதில்லை. சோதனை முடிந்ததும் ஸ்கிராப் தொட்டியில்தான் போடுகிறோம். தினமும் போட்டவள் நான்தான்.

இப்போதைய நிலவரம்: தோல் ஆறிய பிறகு, டாக்டரைக் கேட்டு அதே கிரீமை வாரம் இரண்டு இரவு மட்டும் பூசுகிறேன். கன்னம் சிவப்பதில்லை. பவ்யா இன்னும் தண்ணீர்தான். அவள் பலகையை அடுத்த பாதுகாப்பு வாரத்தில் கழற்றிவிட்டார்கள். என்னுடையது அப்படியே இருக்கிறது.