எண்பத்தெட்டாம் பக்கம்

"சிக்ஸ்டனுக்கு என்ன?" என்று தொலைபேசியில் கேட்டபோதே ஹில்டிங்கின் குரல் துக்கத்துக்குத் தயாராகியிருந்தது.

"அவருக்கென்ன, ஜம்முனு இருக்காரு," என்றாள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மெஹ்ரெத். "மத்தியானம் புது உருளைக்கிழங்கும் மூணு துண்டு மீனும் சாப்பிட்டாரு. இன்னும் வேணுமாம்."

ஹில்டிங் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சமையலறை முழுக்க அட்டைப்பெட்டிகள். உள்ளே நானூறு புத்தகங்கள்: கிரான்ஷோ கால்பந்துக் கழகத்தின் நூறாண்டு வரலாறு. எழுதியவர், கழகச் செயலாளர் ஹில்டிங். நானூறிலும் எண்பத்தெட்டாம் பக்கத்தில் சிக்ஸ்டன் செத்துப்போயிருந்தார்.

எல்லாம் ஜூலை மாதத்தால் வந்த வினை. நூற்றாண்டு விழா ஆகஸ்ட் பன்னிரண்டு. ஆனால் ஜூலையில் கோடை விடுமுறை என்று நாட்டில் ஒருவனும் வேலை செய்ய மாட்டான், அச்சகமும் பூட்டு. ஜூன் நடுவிலேயே எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த வாரம்தான் டாக்டர் கையை விரித்திருந்தார், கிழவர் ஜூன் கடைசியில் வரும் நடுக்கோடைத் திருநாளைக்கூடப் பார்க்க மாட்டார் என்று. விழாவன்று புத்தகம் தப்பாக இருந்தால்? நாற்பத்தோரு வருடமாக ஹில்டிங் எழுதிய கூட்டக் குறிப்புகளில் ஒரு பிழை வந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: "எங்கள் கோல்கீப்பர் சிக்ஸ்டன் இந்தக் கோடையில் காலமானார். கழகக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. ஊரே மௌனமாக நின்றது."

அவசரமாக அச்சகத்துக்குப் போன் போட்டார். "ஆகஸ்ட் ஏழாம் தேதி திறப்போம். எல்லாருக்கும் இனிய கோடை!" என்றது பதிவு செய்து வைத்த குரல்.

மறுநாள், "இன்றும் நம்மோடு இருக்கிறார்" என்று துண்டுத் தாள்களில் எழுதி, "காலமானார்" மேல் ஒட்டினார். பசையின் ஈரத்தில் துண்டு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மேலே எழுதியதும் தெரிந்தது, அடியில் அச்சடித்ததும் தெரிந்தது.

கழகத் தலைவி குன்வோர் வந்து ஒரு பிரதியைக் கையில் எடுத்தாள். "காலமானார், இன்றும் நம்மோடு இருக்கிறார். என்னய்யா இது? ஆவியா சுத்துறாருங்கிறியா?"

"பன்னெண்டு புத்தகத்துலதான் ஒட்டியிருக்கேன்."

"பேசாம அவர்கிட்டயே சொல்லிடு."

"உன்னைச் சாகடிச்சுட்டேன்னு எப்படிச் சொல்றது? பத்து வருஷம் அவனுக்கு முன்னாடி நின்னு பந்தைத் தடுத்தவன் நான்."

"நீ எங்க தடுத்தே? நீ விட்டதையெல்லாம் அவர் பிடிச்சாரு."

ஹில்டிங் சவர பிளேடை எடுத்தார். அந்தத் தாளையே வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. நாற்பது புத்தகங்களை வெட்டி முடித்த பிறகுதான் தாளின் மறுபுறம் கண்ணில் பட்டது. எண்பத்தேழாம் பக்கம், 1958-ஆம் ஆண்டுப் புள்ளிப் பட்டியல்.

குன்வோர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "நூறு வருஷத்துல ஒரே ஒரு தடவை முதலிடம் வந்தோம். அதையும் வெட்டிட்டியா? இனி இதுல தோல்வியைத் தவிர என்ன இருக்கு? எவன் படிப்பான்?"

ஹில்டிங் தினமும் காலையில் இல்லத்துக்குப் போன் போட்டார். "நல்லாத் தூங்கினாரு" என்று மெஹ்ரெத் சொன்னால் நெஞ்சு கனக்கும். நண்பன் பிழைத்துக்கொண்டதற்கு முகம் தொங்கிப்போகிற ஜென்மம் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே மறுநாளும் போன் போட்டார்.

ஜூலைக் கடைசியில் சிக்ஸ்டனே கூப்பிட்டார். "விழாவுக்கு நானும் வர்றேன்டா. புத்தகத்தைக் கொண்டா, பாக்கணும்."

வேறு வழியில்லை. வெட்டிய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். சிக்ஸ்டன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நிதானமாகப் புரட்டினார்.

"எண்பத்தாறுக்கு அப்புறம் எண்பத்தொம்பது. என்னடா கணக்கு இது?"

"அச்சகத்துக்காரன் கோட்டைவிட்டுட்டான்."

"நானூறுலயுமா?"

"நாப்பதுல மட்டும்."

"பத்தொம்பது வருஷம் கோல்ல நின்னவன் நான். என் பேரே இதுல இல்லையே?"

"மத்ததுல இருக்கு. சத்தியமா இருக்கு."

"என்ன எழுதியிருக்கே?"

"நல்லபடியாத்தான்..." ஹில்டிங்கின் கண் கலங்கிவிட்டது.

சிக்ஸ்டன் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பெனால்டி அடிக்க வருகிறவனை அந்தக் காலத்தில் அப்படித்தான் பார்ப்பார். "சரி, மிச்சப் புத்தகத்துல கைவைக்காதே. போய்த் தூங்கு. உன் மூஞ்சியே சரியில்ல."

காரில் உட்கார்ந்து ஹில்டிங் வாய்விட்டு அழுதார். ஆகஸ்ட் ஏழு, திங்கட்கிழமை, அச்சகம் திறந்ததும் முதல் வேலையாக மறுபடி அச்சடிக்கச் சொல்வது, பிறகு சிக்ஸ்டனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சிக்ஸ்டன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வெட்டிய நாற்பது தாள்களையும் ஹில்டிங் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினார். பன்னிரண்டு துண்டுகளை ஊறவைத்து உரித்தார். சனிக்கிழமை, விழா நாளன்று, மைதானத்தில் கழகக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. ஊரே மௌனமாக நின்றது. புத்தகத்தில் ஒரு எழுத்துப் பிழையில்லை. துக்கத்தோடு கூடவே தனக்குள் ஒரு நிம்மதியும் இருப்பதை ஹில்டிங் கண்டுகொண்டார், கண்டதும் கூசிப்போனார்.

மெஹ்ரெத் அவருக்கு ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்தப் பக்கத்தைப் படிக்காமலே போய்ச் சேர்ந்தான்," என்றார் ஹில்டிங். "அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

"படிச்சாரே!" என்றாள் மெஹ்ரெத். "கௌரவ உறுப்பினர்னு அச்சகத்துலேர்ந்து ஜூன் மாசமே ஒரு பிரதி தபால்ல அனுப்பிட்டாங்களே. எனக்கும் படிச்சுக் காட்டினாரு. சிரிச்சாரு."

காப்பி சட்டையில் சிந்தியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே இதய மாத்திரை வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டாரு. நானூறு புத்தகத்தைத் திருத்துறதைவிட ஒரு ஆளைத் திருத்துறது லேசாம்."