பேரிங் கேட்காமல் வைத்திருந்த சிம்பொனி

ஐரோப்பிய சங்கீதத்தை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர், எழுபதுகளில் திருவள்ளூரில் இருந்தார். அவர் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது.

எல்லோருக்கும் அவர் பேரிங். காக்களூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடும் மோட்டாரிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்பார். "வியாழக்கிழமை பேரிங் போயிடும்" என்பார். போய்விடும். வெள்ளிக்கிழமை போனதாகச் சரித்திரம் இல்லை.

இயந்திரம் நிறுவ வந்த ஜெர்மன் என்ஜினியர் அந்தக் காதை மதித்து, தம் நாட்டு மேதை ஒருவரின் ஒன்பது சிம்பொனிகளும் அடங்கிய இசைத்தட்டுப் பெட்டியை, ஒரு ரெக்கார்டு பிளேயரோடு இரவல் கொடுத்திருந்தார். எட்டைப் பேரிங் கரைத்துக் குடித்துவிட்டார். ஒன்பதாவதை மட்டும் தொடவில்லை. அதன் முடிவில் ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிறது என்று அட்டையில் போட்டிருந்தது.

"அத்தினி பேர் பாடறப்போ ஒருத்தன் மட்டும் குந்திக்கினு கேட்டா மரியாதை இல்லபா" என்பது அவர் கட்சி. முந்திய எட்டையும் கேட்டு முடித்த ஒரு துணை வேண்டும். மாதக் கடைசியில் என்ஜினியர் ஊர் திரும்புகிறார், பெட்டியும் போய்விடும்.

எனவே ஆள் பிடிக்க ஆரம்பித்தார். ஒன்றாவதிலிருந்து தொடங்குவது அவர் சட்டப்படி குற்றம். அவரவர் தொழிலுக்கு ஏற்ற நம்பரில்தான் நுழைய வேண்டும். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையான ஸ்டோர் கீப்பருக்கு, புயலும் மழையும் வருகிற ஆறாவது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். புயல் வந்ததும் எழுந்தார்.

"காத்து சரியில்லண்ணா. எங்க நைனா கடலுக்குப் போயிக்கீறாரு" என்று சைக்கிளை எடுத்துவிட்டார்.

லேத்தில் இரும்பு கடைகிறவருக்குச் சுழன்று சுழன்று ஓடும் ஏழாவது. மூன்று நாள் பொறுமையாக வந்தார்.

"சத்தம் நல்லாத்தான் கீது. பாடறவன் எப்போ வருவான்?" என்றார்.

"ஒன்பதாவதுல" என்றார் பேரிங்.

"அப்போ அன்னிக்குச் சொல்லி அனுப்பு."

மிச்சம் இருந்தது, அவருடன் ஒரே அறையில் குடியிருந்த நான்தான். உள்ளூர் நிருபர். எனக்கு ஐந்தாவதை எடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"நீ பேப்பர்காரன். இதுல மேட்டரு மொதல் வரியிலயே வந்துடுது."

அந்த விளக்கத்துக்காகவே உட்கார்ந்தேன். இரண்டு நாளுக்கு ஒன்று என்று, அவர் எடுத்துக் கொடுத்த வரிசையில் கேட்டேன். நான்காவது சுழன்ற மாலையில் மட்டும், பஞ்சாயத்து யூனியன் கூட்டத்தில் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்திருந்ததால், சுவரில் சாய்ந்து நன்றாகத் தூங்கிப்போனேன். பேரிங் அப்போது எனக்கு முதுகைக் காட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜினியர் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, பேரிங் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பதாவதை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எட்டும் கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன். எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் விசாரித்த பிறகே எழுதுகிறவன் நான்.

தட்டு சுழன்றது. பக்கம் பக்கமாக மாற்றினார். கடைசிப் பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது; அதன் பின்னால் ஊரே எழுந்தது. பேரிங் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில் சொன்னார்:

"நாலாவதுல நீ தூங்கின. உன் மூச்சு மாறுச்சே. பரவால்ல, கேளு."

எந்த மோட்டாருக்கும் அவர் இந்தச் சலுகையைக் கொடுத்ததில்லை. பாட்டு முடியும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால், ஒன்பதாவதையும் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை.