ஜன்னலோர நாற்காலி

பெருமதிப்பிற்குரிய அக்கா சதாயோ அவர்களுக்கு,

துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத இந்த மழைக்காலத்தில் தாங்களும் அத்தானும் மூட்டுவலியின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் மனைவி ஹருயோவும் சுகம். அனுப்பிய பிளம் ஊறுகாய் வந்தது.

நிற்க. நான் துறைத் தலைவனாக வேண்டுமென்று பதினொரு வருடமாக மாதம் தவறாமல் கோயில் படியேறுகிறீர்களே, அதை உடனே நிறுத்தும்படி பணிவோடு கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

ஆபீசில் என்னை ஓரங்கட்டி ஜன்னலோரத்தில் போட்டுவிட்டார்கள். பதறாதீர்கள். ஏப்ரல் முதல் தேதி நாலு பேர் என் மேஜையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்தபோது எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபோன் இல்லை, ஃபைல் இல்லை, வேலையே இல்லை. முப்பத்தொரு வருடம் டப்பா மூடி விற்றவனுக்கு இதுதான் மரியாதையா என்று அழுகை வந்தது. ஹருயோவிடம் சொல்ல தைரியமில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று, அஞ்சு மணிக்குக் கிளம்பி எட்டு வரைக்கும் ரயில் நிலைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் கழித்துப் பக்கத்தில் காய்கறிக் கூடையோடு வந்து உட்கார்ந்தது யாருங்கிறீங்க? ஹருயோ.

"நாலு நாளா பாத்துட்டுதான் போறேன். சூப்பு சூடா இருக்கறப்பவே வந்து குடிச்சா ஜெயில்லயா போடுவாங்க?"

"என்னை ஜன்னலோரம் போட்டுட்டாங்க."

"வெளிச்சமாவது வரும்ல. எந்திரிங்க."

அன்னிக்குப் பகல் வெளிச்சத்துல வீட்டுக்குப் போனேன் அக்கா. வாசல்ல ஒரு நீலப் பூச்செடி இருக்கு. ஒம்பது வருஷமா இருக்காம். மனசு லேசாயிடுச்சு. இப்பல்லாம் அஞ்சு அடிச்சதும் எழுந்து, "முன்னாடி கிளம்புறேன், மன்னிக்கணும்"னு ஆபீசுக்கே ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடறேன். சீனியர் எழுந்துட்டா மத்தவங்களுக்கும் வழி கிடைச்ச மாதிரிதானே, மொத்தப் பேரும் என் பின்னாடியே வந்துடறாங்க. இந்த நிம்மதி போதும். தயவுபண்ணி நடுவுல சாமியை இழுக்காதீங்க.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் எந்தக் குறையுமின்றி இருக்கட்டும்.

தங்கள் தம்பி,
உகாய் ஷிகெஹாரு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். எங்கள் கிளையில் எல்லோரும் அஞ்சு மணிக்கே வீடு திரும்புவது கண்டு தலைவருக்கு மெத்த மகிழ்ச்சியாம். 'நேரத்தோடு வீடு திரும்பும் துறை' என்று புதிதாக ஒன்று தொடங்கி, அதற்கு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். நாலு மாடியிலும் கடைசி ஆள் போய்விட்டாரா என்று பார்த்து விளக்கணைத்து, அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு நான் கிளம்ப எட்டரை ஆகும். உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, இந்த மாதமும் படியேறிவிட்டீர்களா?