நட்சத்திரம் மூத்தவருக்கு மட்டும்

பெரியகல்லாறு
சனி பின்னேரம்

அன்புள்ள தங்கச்சி சுலோஜனாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி நான்தான். நீ வெளிநாட்டிலிருந்து ஒன்லைனில் பதிந்துவிட்ட கணினி வகுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. அடுத்த கிழமைச் சோதனையில் தேறினால்தான் தை மாதம் பள்ளியில் கணினிப் பாடத்தைப் படிப்பிக்க எனக்குத் தருவார்கள் என்பது தெரியும். ஆனாலும் எடுத்துவிடு.

இன்று களுவாஞ்சிக்குடி வகுப்பில் பொயின்டர் பாடம். பொயின்டர் என்பது எண்ணை வைத்திருக்காது, எண் இருக்கும் இடத்தின் முகவரியை வைத்திருக்கும், அதற்கு அடையாளமாக ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும் என்றார்கள். இரண்டு பொயின்டர் வேண்டுமென்று நான் int* a, b; என்று எழுதினேன் (int என்றால் முழு எண்), ஒரு நட்சத்திரம் இருவருக்கும் போதுமென்ற சிக்கனத்தில். இரண்டிலும் முகவரியை வைக்கப்போனால் a ஏற்றுக்கொண்டது, b-க்குக் கணினி சண்டைக்கு வந்தது. என்னில் பாதி வயதுள்ள ரீச்சர் ஷெரோன், "அன்ரி, நட்சத்திரம் int-ஓட சேராது, பேரோடதான் சேரும். உங்கட b வெறும் எண்" என்றாள். "மறுகா ஏன் பிள்ளை அதை int பக்கத்தில ஒட்ட விட்டாங்க?" என்றேன். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்து அழலாமென்றால் வாசலில் வயலில் வேளாண்மை வெட்டும் மெஷின்காரர். உன் அத்தானையும் அவர் தம்பி ரதீஸையும் தேடி முதலில் மாமி வீட்டுக்குப் போயிருக்கிறார். மூத்தவர் பெண்சாதி வீட்டில் என்று மாமி சொன்னதும், இரண்டு பேரும் இங்கேதான் என்று முடிவுகட்டி வந்துவிட்டார். மாமிக்குப் போன் எடுத்தேன். "மூத்தவன் கலியாணம் முடிச்சுப் போனா இளையவனும் பின்னால போறதா மகள்? அவன் இஞ்ச சோறு தின்னுறான். அந்தாள் கேட்டாத்தானே சொல்லுவன்" என்றார்.

நான் படியிலேயே இருந்துவிட்டேன். மாமி வீட்டில் உன் அத்தானைக் கேட்டால் ஆள் கிடைக்காது, முகவரிதான் கிடைக்கும். அதைப் பிடித்துப் போனால்தான் ஆள். ரதீஸைக் கேட்டால் ரதீஸே சாரத்தை மடித்துக்கொண்டு வெளியே வருவான். ஒரே தாய் பிள்ளைகள், ஆனால் நட்சத்திரம் கலியாணம் முடித்துப் போனவருக்கு மட்டும். இளையவனுக்கும் வேண்டுமென்றால் தனியாகப் போட வேண்டும்: int *a, *b;

விளங்கிவிட்டதுதான். ஆனால் இதைச் சோதனைத்தாளில் எப்படி எழுதுவது? மாமியையும் மெஷின்காரரையும் போட்டால் ஷெரோன் புள்ளி தருவாளா? ஆகவே மறக்காமல் பெயரை எடுத்துவிடு.

பிள்ளைகளுக்கு என் முத்தம். களுதாவளைப் பிள்ளையார் உங்களைக் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் அக்கா,
கேதீஸ்வரி

பி.கு: இப்போதுதான் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், இரண்டும் வேலை செய்கின்றன. அடுத்த பாடத்தில் இரண்டு நட்சத்திரம் சேர்ந்து வருமாம். முகவரி இருக்கும் இடத்தின் முகவரியாம். அது யார் வீடென்று பார்க்காமல் விலக மனமில்லை. பெயர் இருக்கட்டும்.