தொப்பி மாமா நாளை ராத்திரி வருகிறார்

கர்ர்... கர்ர்... என்று முள் தேயும் சத்தம். அப்புறம் ஓர் ஆள் தொண்டையைக் கனைப்பான். அதற்கப்புறம்தான் பாடம்.

அந்தக் கனைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. காலேஜில் பெரிய பெரிய மேதைகள் சொன்னதெல்லாம் போய்விட்டது. முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரனின் சளி மட்டும் தங்கிவிட்டது.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. வில்லியனூரிலிருந்து பாகூருக்கு ஒரு பாட்டுப்பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பெட்டி காசிம் பாயுடையது. எங்கள் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பகலெல்லாம் கடையில் பாட்டு வைத்து ஆள் கூப்பிடுவார். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் பெட்டி என் வீட்டுக்கு வரும். ஏனென்றால் நான் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன்!

ஏன் ஜெர்மன் என்று ஊரே கேட்டது. சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டு, கல்யாணமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சைகோனில் வேலை பார்த்த சித்தப்பா ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய கிராமபோன் தட்டுகள் கொண்டுவந்தார். பாட்டு என்று நினைத்து வாங்கினாராம். போட்டுப் பார்த்தால், பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தயாரித்த ஜெர்மன் பாடம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நானோ, ஜெர்மன் கவிதையை மூலத்திலேயே படிக்கப் போகிறேன் என்று அறிவித்தேன்.

அறிவிக்காமல் இருந்திருக்கலாம்.

அந்த மொழியில் கரண்டி ஆண். முள்கரண்டி பெண். கத்தி இரண்டும் இல்லை. கல்யாணம் ஆகாத பெண்பிள்ளையும் இரண்டும் இல்லை, அஃறிணை! இதற்காக அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் சொந்தக்காரர்களே அப்படித்தானே நடத்தினார்கள். சில எழுத்துகளைச் சொல்ல, தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை வெளியே எடுப்பதுபோல் ஒலி எழுப்ப வேண்டும். அம்மா இரண்டு தடவை சோற்று உருண்டையோடு ஓடிவந்தாள், முழுங்கடி முழுங்கடி என்று.

சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலண்டை நின்றேன். யோசிக்காமலே வாயில் ‘எஸ் ரெக்னெட்’ என்று வந்தது. மழை பெய்கிறது. யாரும் கேட்காமல் ஒரு சொல் தானாக வந்து கையில் உட்கார்ந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. அந்தத் தட்டில் ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியில் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதா கோயில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்ததும் நான் பெட்டியைத் திறப்பேன். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்காவும் அவளுடைய நாத்தனார்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். தலையில் முக்காடு. கண்ணை மூடிக்கொண்டு, ஆசிரியர் நிறுத்தின இடத்தில் மூன்று பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம்!

வில்லியனூரில் ஜெர்மன் கல்வி பரவுகிறது என்று பூரித்துப்போனேன். முக்காடு எதற்கு என்று மட்டும் நான் கேட்கவில்லை. பி.ஏ. படித்தவள் கேள்வி கேட்பாளா?

இப்படி இருக்கையில் காசிம் பாய் மகள் ஜமீலாவுக்குக் கல்யாணம் வந்தது. பாய்க்குப் பூர்வீகம் பாகூர். அங்கேதான் நிக்காஹ். அவர் முன்கூட்டியே சாமான்களோடும் பாட்டுத் தட்டுகளோடும் போய்விட்டார். போகிறபோது என்னிடம் கெஞ்சாத குறை.

“பாப்பா, பெட்டி நாளைக்கு வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடணும். மாப்பிள்ளையோட அம்மா எதை வெச்சாலும் மூஞ்ச சுளிக்குது. பிரியாணி அரிசி சரியில்லயாம், பந்தல் சின்னதாம். ‘எங்க வூட்டுல பாட்டுப்பெட்டி கீது, ராத்திரி பூரா பாடும்’னு ஒண்ணு சொன்னேன், அதுக்குத்தான் வாய மூடுச்சு. அதுவும் இல்லேன்னா எம்பொண்ணு காலம்பூரா பேச்சு வாங்கும்.”

“நானே கொண்டாறேன் பாய்” என்றேன். கடைசிப் பாடம் பாக்கி இருந்தது, அதை முடித்துக்கொள்ளலாம் என்ற நப்பாசை.

மறுநாள் மத்தியானம் சவரிமுத்துவின் மாட்டு வண்டியில் ஏறினேன். மடியில் பெட்டி. காலடியில் ஜெர்மன் தட்டுகள். கல்யாண வீட்டில் ஓய்ந்த நேரத்தில் முடிக்காத பாடத்தைக் கேட்கலாமே! பாகூரில் இருக்கும் தம்பியைப் பார்க்க ஆரோக்கியம் அக்காவும் நாத்தனார்களும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

வில்லியனூரும் பிரெஞ்சுக்காரன் ஊர். பாகூரும் பிரெஞ்சுக்காரன் ஊர். நடுவே ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் ஊர். யார் கோடு போட்டார்களோ, கைநடுக்கம் உள்ள ஆள். அங்கே ஒரு சுங்கச் சாவடி. பட்டும் சாராயமும் ஒளித்திருக்கிறோமா என்று வைக்கோலைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்.

பழக்கமில்லாத சங்கதி ஒன்று இருந்தது. ஜெர்மனியோடு சண்டை மூண்டு இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

காவலுக்கு நின்றவர் கோவிந்தசாமி என்ற சிப்பாய். சின்ன வயசு, பெரிய மீசை.

“இன்னாம்மா பெட்டி?”

“பாட்டுப்பெட்டி. கல்யாண வூட்டுக்கு.”

“இதுல?”

“தட்டு.”

“இன்னா தட்டு?”

இந்த இடத்தில் பாட்டு என்று சொல்லியிருந்தால் வண்டி நகர்ந்திருக்கும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஜெர்மன் பாடம்” என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

மீசை அப்படியே நின்றுவிட்டது.

“எறங்கு. எல்லாரும் எறங்கு. போடு அத்த, கேப்போம்.”

சாவடி மேசையில் பெட்டியை வைத்துச் சாவி கொடுத்தேன். கர்ர்... கர்ர்... கனைப்பு. ஆசிரியர் பேசினார்.

“இன்னா சொல்றான்?”

“ரயிலடி எங்கே இருக்கிறதுன்னு கேக்கறார்.”

கோவிந்தசாமி இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டார். “உம். அப்புறம்?”

“பாலம் பழையது.”

“நம்ம ஆத்துப் பாலத்தையா சொல்றான்?”

“இல்லீங்க, அது சும்மா ஒரு பாலம்.”

“சும்மா ஒரு பாலத்தப் பத்தி எவன் பேசுவான்? அப்புறம்?”

“துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது?”

“அடப்பாவி!”

மொழிப் பாடம் எழுதுகிறவர்கள் ஏன் ரயிலடி, பாலம், துறைமுகம் என்றே எழுதுகிறார்கள்? கத்தரிக்காய் என்ன விலை என்று ஒரு வரி இருக்கக் கூடாதா? எனக்கு வியர்த்தது. ஆனால் அடுத்த வரியையும் மொழிபெயர்த்தேன். எனக்கு முழுசாகப் புரிந்த சில வரிகளில் அது ஒன்று. சும்மா விடுவேனா?

“என் மாமா நாளை ராத்திரி ரயிலில் வருகிறார்.”

“யார் மாமா?”

“தட்டுல இருக்கற மாமா.”

“எத்தினி பேரோட வரான்?”

“தனியாத்தான். பெரிய தொப்பி போட்டிருப்பார்.”

“அடையாளம் வேறயா!”

சவரிமுத்து மெதுவாக வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். ஆசிரியர் அடுத்த வரியைச் சொல்லி நிறுத்தினார். பின்னாலிருந்து மூன்று குரல், ஒரே சுருதியில், தெளிவாக: “இஷ் ஹாபெ ஹுங்கர்.”

கோவிந்தசாமி திரும்பினார். ஆரோக்கியம் அக்காவும் நாத்தனார்களும் முக்காடு போட்டுக் கண்மூடி நின்றிருந்தார்கள். ஆசிரியர் அடுத்ததைச் சொன்னார். அவர்களும் சொன்னார்கள். அடுத்தது. அதையும் சொன்னார்கள். தட்டு முடிந்ததும் ஆரோக்கியம் அக்கா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“வண்டி நெறைய ஜெர்மன்காரியா!” என்று அலறிவிட்டு கோவிந்தசாமி ஊதலை எடுத்து ஊதினார். இன்ஸ்பெக்டரை அழைத்துவர ஓர் ஆள் சைக்கிளில் பறந்தான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாகூரில் பாய் தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பார். ஜமீலா முகம் கண்முன் வந்தது. மாமியார்க்காரியின் முகமும் வந்தது, நான் பார்த்ததே இல்லை என்றாலும்.

“பெட்டிய மட்டும் அனுப்பிடுங்கய்யா, நாங்க இருக்கறோம்” என்று கெஞ்சினேன்.

“அதெல்லாம் முடியாது. மறுக்கா போடு. இன்னும் ஏதாவது ஒளிச்சு வெச்சிருப்பான்.”

போட்டேன். மறுபடி போடு என்றார். போட்டேன். சாவி கொடுத்துக் கொடுத்துக் கை வலித்தது. வரி, இடைவெளி, மூன்று பெண்களின் பதில். வரி, இடைவெளி, பதில். அப்படி ஒரு தாளத்தில் மனுஷன் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பான்? வாத்தியார் சொல்ல நாம் திருப்பிச் சொல்லித்தானே எல்லாரும் படித்தோம். முதலில் கோவிந்தசாமியின் உதடு அசைந்தது. பிறகு முணுமுணுப்பு. பிறகு வாய்விட்டே வந்துவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்து சவரிமுத்துவும் சேர்ந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளை விட்டு இறங்கியபோது, இங்கிலீஷ் சர்க்காரின் சிப்பாய் மேசைமேல் கை ஊன்றி, கண்ணை மூடி, கணீரென்று “இஷ் ஹாபெ ஹுங்கர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“கோவிந்தசாமி!”

“ஐயா! ஒற்றர்கள் ஐயா!”

“அதுல நீ எந்த ஒற்றன்?”

பிறகு இன்ஸ்பெக்டர் ஆரோக்கியம் அக்காவைக் கூப்பிட்டார். “நீ இப்ப சொன்னது என்ன?”

“ஜெபமுங்க.”

“என்ன ஜெபம்?”

“இந்தப் பாப்பா வூட்டுல தெனம் சாமியார் சொல்லுவாருங்க, பெட்டிக்குள்ளேர்ந்து. மணி அடிச்சதும் ஆரம்பிப்பாரு. அவரு சொல்லுவாரு, நாங்க பதில் சொல்லுவோம். பூசையில லத்தீன் சொல்ல மாட்டமா, அப்படித்தான். இன்னா குரலு! எம் பசு செனையே புடிக்காம இருந்துதுங்க, இந்த ஜெபம் சொல்லித்தான் புடிச்சுது.”

வில்லியனூரில் ஜெர்மன் கல்வி பரவிய லட்சணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “முதல் வரிக்கு அர்த்தம் சொல்லும்மா. இவங்களுக்கும் கேக்கட்டும்.”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “ரயிலடி எங்கே இருக்கிறது.”

ஆரோக்கியம் அக்கா என்னையே பார்த்தாள். “அந்த ‘இஷ் ஹாபெ ஹுங்கர்’?”

“எனக்குப் பசிக்கிறது.”

“இவ்ளோ நாளா இதத்தான் சொன்னமா?”

“ஆமாங்கா.”

பெரிய நாத்தனார் முக்காட்டைக் கழற்றினாள். ஆரோக்கியம் அக்கா கழற்றவில்லை. இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அதனால இன்னா? பசிக்குதுன்னு சொல்றது, போற வழி எங்கன்னு கேக்கறது. ஜெபம்னா வேற இன்னாவாம்?”

காலேஜில் கவிதை வகுப்பில் உட்கார்ந்து தேய்த்த பாவாடையை நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை மீசைக்குள் தள்ளிக்கொண்டு, “பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. தட்டெல்லாம் இங்கேயே இருக்கட்டும். கோவிந்தசாமி, நீ என்கூட உள்ள வா” என்றார்.

மாடுகள் ஓடின ஓட்டம் அவற்றுக்கே புதுசு. பாகூரில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் நின்ற பாய், பெட்டியைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினார். “இன்னா பாப்பா இவ்ளோ நேரம்?” என்றார். “வழியில கொஞ்சம் பாடம் நடந்துது பாய்” என்றேன். ராத்திரி பூரா பெட்டி பாடியது. மாமியார்க்காரி, சத்தம் பத்தவில்லை என்றாள். ஜமீலா முக்காட்டுக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

தட்டுகள் திரும்பி வரவே இல்லை. என் ஜெர்மன் அங்கேயே, கடைசிப் பாடத்துக்கு முன்னால் நின்றுபோனது.

கோவிந்தசாமிக்கு அந்தச் சாவடியில் அதற்குப் பிறகு மரியாதை இல்லை. வேலையை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். பாலைவனத்தில் எங்கேயோ பிடிபட்டு, ஜெர்மனியில் கைதிக் கொட்டடியில் சண்டை முடியும்வரை கிடந்தார். காவல்காரனிடம் ‘இஷ் ஹாபெ ஹுங்கர்’ என்று கணீரென்று சொல்வாராம். அவன் திகைத்துப்போய் ஒரு துண்டு ரொட்டி கூடக் கொடுப்பானாம். விடுதலை ஆன அன்று, ரயிலடி எங்கே என்று அவர்தான் கேட்டாராம். நம் ஊர்ப் பையன்கள் ஒரு கூட்டமே அவர் பின்னால் நடந்ததாம். இதைச் சொல்ல அவரே வில்லியனூருக்கு வந்தார். கேட்டுவிட்டு ஆரோக்கியம் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாத்தியாடி, பி.ஏ.? பலிச்சிருக்குது.”

நான் இன்றுவரை ஜெர்மனிக்குப் போனதில்லை. கோவிந்தசாமி தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்து, வயசாகி, அங்கேயே செத்துப்போனார்.