சீந்தில் மாத்திரைக்கு நான் கையெழுத்துப் போடாத காரணம்

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும் தங்கள் மாத்திரைக் கம்பெனியும் நலமாக இருப்பதை விளம்பரங்களில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

தங்கள் சீந்தில் மாத்திரையில் ஆன்டி-ஆக்ஸிடன்ட், அதாவது முதுமையைத் தள்ளிப்போடும் சத்து, இருக்கிறது என்று தாங்கள் கேட்ட சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது. எங்கள் ஆய்வகத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்று உண்டு. ஆன்டி-ஆக்ஸிடன்ட் உள்ள பொருளைச் சேர்த்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். வேலியில் படர்ந்திருந்த சீந்தில் கொடியை நறுக்கி, காய்ச்சி, சாற்றைச் சேர்த்துப் பார்த்தேன், நன்றாகவே வெளுத்தது. கொடியின் மேல் குற்றமில்லை. பிறகு தங்கள் சீந்தில் மாத்திரையைக் கரைத்துச் சேர்த்தேன். ஊதா அப்படியே இருந்தது. இன்னொன்றை இடித்துப் போட்டேன். அடியில் மாவு தங்கியதுதான் மிச்சம். சோதனைக் குழாய்களைக் கழுவும் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னப்பா, உங்க சித்தப்பா மாதிரியே அசையாம உக்காந்திருக்கு!" என்று சிரித்ததில் அவர் கையிலிருந்த பால் சேர்க்காத டீ பக்கத்தில் ஊதாக் கரைசல் இருந்த குழாயில் சிந்தியது, அது கண்ணெதிரே மஞ்சளாகிவிட்டது. "அப்போ மருந்து நம்ம டீக்கடையிலதான் இருக்கா?" என்றார். மேலாளர் ஓடி வந்து, "டீயோட ரிசல்ட்டையே சீந்தில்னு எழுதிடு, உங்க சித்தப்பா நமக்கு வேண்டியவர். உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல?" என்றார். இருக்கிறது. தங்கள் பேக்கிங் கூடத்தில் வாயில் துணி கட்டிக்கொண்டு மாவுத் தூசியில் இருமும் என் அக்காவும் ஞாபகத்தில் இருக்கிறாள். இளமையைக் காக்கும் மாத்திரையாம்; அதை அடைக்கிறவளுக்கு முப்பதிலேயே தலை நரைத்துவிட்டது. நான் மறுத்தால் அவள் வேலையும் போகும் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அவளிடமே கேட்டேன். "போடாதேடா. போனா போகுது, இருமலாவது நிக்கும்" என்றாள். ஆகவே போடமாட்டேன். வேண்டுமானால் டீத்தூளை அடைத்து அனுப்புங்கள், உடனே போடுகிறேன்.

சித்திக்கு என் வணக்கம். தம்பி தங்கைகளுக்கு அன்பு.

தங்கள் ஆசி இனிக் கிடைக்காது என்று தெரிந்த,
அண்ணன் மகன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அக்கா தங்கள் மாத்திரை டப்பா ஒன்றோடு வந்தாள். 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று, என் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டமும் சேர்த்து, போன மாதமே அச்சடித்துவிட்டீர்களாம். என்னைக் கேட்டது மரியாதைக்குத்தானாம். அதை வாங்கிப் பார்த்த அம்மாவிடம், "நான் டாக்டரே இல்லம்மா!" என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. டப்பாவைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சான்றிதழ் இத்துடன் உள்ளது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.